எண்ணெய் வழிந்த எதிரணி

வேன் கதவைத் திறந்துகொண்டு முதலில் இறங்கியவள் பளபளவென்று இருந்தாள். அடுத்தவளும் அப்படித்தான். மூன்றாவது ஆள் படியில் கால் வைத்ததும் வழுக்கியது. கம்பியைப் பிடித்தாள், கம்பியும் வழுக்கியது. கீழே நின்றிருந்த எங்கள் இசக்கியின் மேல் வந்து தொப்பென்று விழுந்தாள்.

இசக்கி யார் என்றால், எங்கள் கபடி டீமின் கார்னர். பாடி வருகிறவளின் கணுக்காலை ஒரு தடவை பிடித்துவிட்டால் அம்பயர் விசில் ஊதினாலும் உடனே விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் விழுந்த பெண்ணைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். பிடி நிற்கவே இல்லை. அந்தப் பெண் சோப்புக்கட்டி மாதிரி நழுவி, தானாகவே எழுந்து நின்றுகொண்டாள்.

இசக்கி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி மாரி, இதுவ எண்ணெயோடல்லா வந்திருக்குதுவ! இவளுவள எப்படிட்டீ புடிக்க?”

ஆடிச் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கோயில் பக்கம் மேளம் அதிர்ந்தது. ஊரே மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நான் இசக்கியின் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் அந்த எண்ணெய் எங்கள் ஊர் எண்ணெய்.

குடமும் கொப்பரையும்

எண்ணெய்க்கு அப்புறம் வருகிறேன். போன வாரம் டிராக் பேண்ட் கதையை எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “கபடி ஆடி என்ன சம்பாதித்தீர்கள் டீச்சர்?”

பாத்திரம் சம்பாதித்தேன், தாயே.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் ஆண்கள் கபடிக்கு முதல் பரிசு கிடா. கூடவே ஆள் உயரக் கோப்பை. பெண்களுக்கு என்று அபூர்வமாக எங்காவது ஓர் ஆட்டம் வைத்தால், ஜெயித்தவர்களுக்கு சில்வர் குடம், தோற்றவர்களுக்கு இட்லிக் கொப்பரை. விளையாடி முடித்த கையோடு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவை என்பதை இவ்வளவு நாசூக்காக வேறு யாரால் சொல்ல முடியும்?

என் கல்யாணத்தில் என் அம்மா அந்தக் குடங்களையெல்லாம் வரிசையாகச் சீர் வைத்தாள். “எல்லாம் எம்மவ ஆடிச் சம்பாதிச்சது” என்று சம்பந்தியிடம் சொன்னாள். என் மாமியார் ஒரு குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன ஆட்டம்?” என்று கேட்டார். அம்மா பந்தி பார்க்கப் போய்விட்டாள்.

பனியன் கதை இதைவிட மோசம். எங்களுக்கு பனியன் அடித்துக் கொடுக்க ஒரே ஒரு புண்ணியவான்தான் முன்வந்தார். அவர் கறிக்கோழிக் கடைக்காரர். முதுகில் நம்பர் போட வேண்டிய இடத்தில் ஒரு கோழி நின்றது, நம்பர் கோழியின் வயிற்றுக்குள் இருந்தது. அதிலிருந்து எங்களுக்கு ஊரில் கோழி டீம் என்று பெயர். பையன்கள் எங்களைக் கண்டால் கொக்கரிப்பார்கள். இசக்கி ஒருநாள் ஒருவனைத் துரத்திப் பிடித்த பிறகு, தூரத்தில் நின்று மட்டும் கொக்கரிப்பார்கள்.

செங்கல் சூளை

எங்கள் ஊர் தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகிற வழியில் இருக்கிறது. பஸ் நின்றால் அது ஊர், நிற்காமல் போய்விட்டால் வெறும் வேப்பமரம்.

ஊருக்கு நடுவில் நல்ல மைதானம் உண்டு. ஆனால் அதில் சாயங்காலம் ஆனால் பையன்கள் கிரிக்கெட். கிரிக்கெட் இல்லாத நாளில் வாலிபால். இரண்டும் இல்லாத நாளில் பைக்கை நடுவில் நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். அதுவும் ஒரு விளையாட்டு என்று அவர்கள் கணக்கு.

நாங்கள் ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளையில் கல் காயப்போடும் களத்தில் விடியற்காலையில் ஆடிக்கொண்டிருந்தோம். கபடியை யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்றால் இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் ரெய்டர், கேப்டன், செல்போனில் வீடியோ போட்டுக் காட்டுகிற கோச் எல்லாமே. எங்கள் முட்டியெல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கும்.

இசக்கியின் அம்மா பேச்சியம்மாளுக்கு அந்த முட்டியைப் பார்த்தாலே ஆகாது. “பீடி சுத்துத நேரத்துல துள்ளிக்கிட்டுத் திரியுதா மூதி. கால் ஒடிஞ்சா எவன் கட்டுவான்?” என்று மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு தினமும் ஒரு பாட்டம் திட்டுவாள். மகள் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில் சூளைக்காரர் களத்தை விற்றுவிட்டார். ஒருநாள் காலையில் போனால் மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்பனைக்கு என்று போர்டு தொங்குகிறது. நாங்கள் அடுத்த மனையில் ஆடினோம். அதுவும் விற்றது.

வேறு வழியில்லாமல் முத்தையா அண்ணாச்சியிடம் போனோம். தென்காசியில் உரக்கடை வைத்திருப்பவர், கொடைக் கமிட்டித் தலைவர். மைதானம் அவர் வாய்க்குள் இருந்தது. சாயங்காலம் வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு விடுங்கள் என்று கேட்டோம்.

“பொம்பளப் பிள்ளைய கபடிய எவம்மா உக்காந்து பாப்பான்?” என்றார். நாங்கள் கேட்டது ஆடுவதற்கு. அவர் பதில் சொன்னது பார்ப்பதைப் பற்றி. ஆனாலும் அவரும் மனுஷன், கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: “கொடைக்கு ஒரு ஆட்டம் வச்சுப் பாக்கேன். ஊரு கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துதுன்னா மைதானத்துல உங்களுக்கும் பங்கு. பாதில எந்திரிச்சுப் போச்சுன்னா, அதுக்கப்புறம் மைதானம்னு வாயத் தொறக்கப்படாது. சம்மதமா?”

சம்மதம் என்றோம். சம்மதிக்காவிட்டால் டீம் அன்றைக்கே கலைந்திருக்கும்.

மதினியின் யோசனை

அண்ணாச்சியின் மனைவி செல்லம்மா மதினி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டத்தில் முதல் ஆள். “நான் ஓடுனா எவளும் என் முதுகத்தான் பாப்பா” என்று இன்றைக்கும் சொல்லுவார். கல்யாணத்துக்கு அப்புறம் ஓட வாய்ப்பில்லை என்றாலும், மூளை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு ரகசியமாக முட்டை வேகவைத்துக் கொடுத்தது அவர்தான்.

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு டீம் ஆட வர ஒத்துக்கொண்டது. அவர்கள் ஆட்டத்தைச் செல்போனில் பார்த்தோம். இசக்கி பாதியிலேயே செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“நம்ம ஊரு சனத்தப் பத்தித் தெரியாதாட்டீ?” என்றார் மதினி. “நாம ஜெயிச்சா ஒண்ணுக்குக்கூட எந்திரிக்காது. தோத்தா மொதப் பாதிலயே டீக்கடைக்குப் போயிரும். அதனால ஜெயிக்கணும்.”

“எப்படி மதினி?”

“கொடை செவ்வாக்கெழம. பொம்பளைய எண்ணெ தேய்க்குத நாளு. வந்த பிள்ளையள காலையில நான் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். தலையில இருந்து கால் வரைக்கும் நல்லெண்ணெ. ஐந்தருவில நல்லா நின்னு குளிச்சுட்டு, சூடா வயிறு நெறைய இட்லி. அப்புறம் எவ கண்ணத் தொறந்து ஆடுதான்னு பாப்போம்.”

எண்ணெய் தேய்த்துக் குளித்தவளுக்கு எப்படித் தூக்கம் வரும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குற்றாலத்தில் குளித்தால் அது இரண்டு பங்கு. அருவி அடிக்கிற அடியில் உடம்பு பஞ்சாகிவிடும். வேலைக்குப் போகிறவன் அன்றைக்கு லீவு போட்டுவிடுவான்.

இது அநியாயம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். விருந்தாளிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது உபசாரம். உபசாரத்தில் என்ன அநியாயம்?

தண்ணி கூடிப்போச்சு

கொடையன்று காலையில் மதினி வேனில் அவர்களை அழைத்துக்கொண்டு போனார். நடுப்பகலில் எனக்குப் போன் வந்தது.

“ஏட்டி மாரி, ஐந்தருவில தண்ணி கூடிப்போச்சு. போலீசு விசில் ஊதி எல்லாரையும் வெரட்டிட்டாவ. மெயினருவியும் தடையாம். குளிக்க முடியல.”

“எண்ணெய் தேய்ச்சாச்சா?”

“அதெல்லாம் பாறையில உக்கார வச்சு அமுக்கித் தேய்ச்சாச்சு. வேன்ல ஏறுனதும் எல்லாம் கொறட்ட விடுதுவ.”

“அப்ப சரி மதினி” என்றேன்.

என் மண்டையில் தூக்கம் மட்டும்தான் ஓடியது. ரெய்டு வருகிறவளைக் கையால்தான் பிடிக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் கோச்சாகிய எனக்கு ஞாபகம் வரவில்லை. சீசன் கூட்டத்தில் வேன் ஊர்ந்து ஊர்ந்து, குளிக்க வேறு இடம் தேட நேரமில்லாமல் நேரே மைதானத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய் மினுமினுக்க அவர்கள் இறங்கியது அப்படித்தான்.

அம்பயர் ஆலங்குளத்துக்காரர், சாதுவான மனிதர். எதிரணிக் கேப்டன் ஷர்மிளாவின் கையில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரலை மோந்தார்.

“சீரகம் போட்டுக் காய்ச்சினதோ?”

“மொளகும் போட்டிருக்கு” என்றார் மதினி, பெருமை தாங்காமல்.

“உடம்புல எண்ணெ தடவிட்டு ஆடக் கூடாதும்மா. ரூல்.”

ஷர்மிளாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்களா சார் தேய்ச்சோம்? இந்த அக்காதான் விருந்தாளின்னு கூட்டிட்டுப் போய்த் தேய்ச்சு விட்டாங்க!”

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். மதினி மேளம் வாசிக்கிற திசையைப் பார்த்தார்.

அம்பயர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, எதிரணி ஆட முடியாது, உள்ளூர் அணி வெற்றி என்று சொன்னார். அண்ணாச்சி முகம் மலர்ந்தது. “அப்ப நம்ம பிள்ளைய ஜெயிச்சாச்சு! கொடத்தக் குடுங்கப்பா. அடுத்து ஆம்பளைய செமி பைனல்.” ஊர் கைதட்டியது. தட்டிக்கொண்டே எழுந்தது. டீக்கடைப் பக்கம் திரும்பியது.

ஆடாமலே ஜெயித்தோம். ஜெயித்ததில் மைதானம் போயிற்று. வாழ்க்கையில் அவ்வளவு கசந்த வெற்றியை நான் பார்த்ததில்லை.

“சார்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே மேளத்துக்கு மேலே கேட்டது. “எங்களுக்குக் கொடம் வேண்டாம். ஆட்டம் வேணும். எண்ணெ போனா ஆடலாமா?”

“போனா ஆடலாம். எப்படிம்மா போகும்?”

மதினி இதற்குள் அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருந்தார்.

பம்புசெட்டு

“ஏட்டி, வீட்டுல சீயக்காப் பொடி, கடலமாவு இருக்கவளுவ எல்லாரும் எடுத்துட்டு நம்ம தோட்டத்துப் பம்புசெட்டுக்கு வாங்க. வெளியூருப் பிள்ளைய எண்ணெயோட நிக்குதுவ. நம்ம ஊருக்குத்தான் அசிங்கம். ஓடியாங்க!”

கொடையன்று எங்கள் ஊர்ப் பெண்கள் மைதானத்துப் பக்கமே வரமாட்டார்கள். பொங்கல், விருந்து, பாத்திரம் என்று அவர்கள் சோலி வேறு. ஆனால் விருந்தாளி முன்னால் ஊருக்கு அசிங்கம் என்றதும் தெருத்தெருவாகக் கிளம்பி வந்தார்கள். பேச்சியம்மாள் ஒரு கிண்ணி நிறையச் சீயக்காயோடு எல்லாருக்கும் முன்னால் வந்தாள். குளிக்கப் போவது கபடிக்காரிகள் என்று அவளுக்குத் தெரியாது. விருந்தாளி என்றார்கள், வந்தாள்.

தோட்டத்து வாசலில் மதினி காவல் நின்றார். ஆண்வாடை இல்லை. பம்புசெட்டுத் தண்ணீர் தொட்டியில் விழ, ஆளுக்கொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார்கள். தேய்த்தால் வாய் சும்மா இருக்குமா?

“ஏ யாத்தே, இது கையா ஒலக்கையா? என்ன தின்னுத நீ?”

“தாய் தகப்பன் இருக்காவளா? ஆட விடுதாவளா?”

“இந்த முட்டிக் காயத்துக்கு மஞ்சப் போடலையா நீ? கூறுகெட்ட பிள்ள.”

பேச்சியம்மாளிடம் சிக்கியது ஷர்மிளா. பேச்சியம்மாள் அவள் தலையை அமுக்கி, காதுக்குப் பின்னால், கழுத்தில், கணுக்காலில் என்று ஒரு இடம் விடாமல் தேய்த்தாள். “எங்க அம்மாகூட எனக்கு இப்படித் தேய்ச்சு விட்டதில்ல அத்தை” என்றாள் ஷர்மிளா, கண்ணை மூடிக்கொண்டு. பேச்சியம்மாள் முகத்தில் ஒரு பவுன் போட்ட சந்தோஷம்.

எங்கள் இசக்கி வரப்பில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு விவரம் தெரிஞ்சு ஒரு நாள் இப்படித் தேய்ச்சு விட்டிருப்பாளாட்டீ எங்கம்மா?” என்றாள். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள். சொல்லிவிட்டு எனக்கு முகம் காட்டாமல் மைதானத்தைப் பார்த்து நடந்தாள்.

“மெதுவாப் பிடிட்டீ”

அம்பயர் மறுபடி விரல் வைத்துப் பார்த்தார். விரல் நின்றது. விசில் ஊதினார்.

குளிப்பாட்டியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஈரச்சேலையோடு, கையில் சீயக்காய் மணத்தோடு அப்படியே மைதானத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த ஆண்கள் ஈரம் படாமல் பின்னால் நகர்ந்தார்கள். டீக்கடைக்குப் போன கூட்டமும் என்னமோ ஏதோ என்று திரும்பி வந்தது.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில்தான் விபரீதம் புரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் எங்கள் கட்சி இல்லை. அவரவர் தேய்த்த பிள்ளை அவரவர் கட்சி.

“நான் தேய்ச்ச பிள்ளட்டீ அது! பாரு, எப்படிப் பாயுதுன்னு பாரு!” என்று என் சொந்தச் சித்தி எழுந்து நின்று கத்துகிறாள். நான் அவுட்டாகி வெளியே வருகிறேன், அவள் கைதட்டுகிறாள். கோழி டீம் சொந்த ஊரில் அநாதையாக நின்றது.

ஷர்மிளா பாடிக்கொண்டு வந்தாள். இசக்கி காத்திருந்து, பாய்ந்து, கணுக்காலைப் பிடித்துவிட்டாள். ஷர்மிளா தடால் என்று மண்ணில் விழுந்தாள். இதைவிட அழகான பிடியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. முன்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் குரல் வந்தது:

“ஏட்டி இசக்கி! மெதுவாப் பிடிட்டீ! இப்பத்தான் குளிப்பாட்டியிருக்கேன்!”

ஊர் சிரித்தது. இசக்கி காலை விடவில்லை. விடாமலே திரும்பிப் பார்த்து, “அப்ப என்னைய யாரு குளிப்பாட்டுனா?” என்று கத்தினாள். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவள் யார் பக்கமும் கத்தவில்லை. இசக்கி எந்தப் பக்கம் போனாளோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ரெய்டு நான் போனேன். தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஷர்மிளா இடுப்போடு பிடித்துவிட்டாள். கோட்டுக்கு ஒரு கை தூரம் இருந்தது. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

ஆனால் ஒரு ஆள் எழுந்து போகவில்லை. நான் மண்ணைத் தட்டிக்கொண்டு நேரே அண்ணாச்சியிடம் போனேன்.

“ஊரு இருந்துது, ஒத்துக்கிடுதேன்” என்றார். “ஆனா உங்களையா பாத்துது? வெளியூருப் பிள்ளையளல்லா பாத்துது! அது கணக்குல வராது.”

எனக்கு வந்த கோபத்துக்கு இட்லிக் கொப்பரையை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அதற்குள் மைக்கில் அறிவிப்பு வந்தது: “அடுத்து ஆண்கள் அரையிறுதி. தாய்மார்கள் தயவுசெய்து எழுந்து இடம் விடவும்.”

தாய்மார்கள் எழவில்லை. இரண்டாம் முறையும் அறிவித்தார்கள். மதினி நிதானமாக வந்து, முன்வரிசையில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி நெளிந்தார்.

“எந்திரிக்கோம் அண்ணாச்சி” என்றாள் பேச்சியம்மாள். “எம்மவ நாளைக்கு எங்கன ஆடுவா? அதச் சொல்லுங்க, எந்திரிக்கோம்.”

நான் இசக்கியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தவள் மூடவில்லை.

கோட்டுக்கு வெளியே ஆண்கள் டீம் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஊர்ப் பெண்கள் ஈரச்சேலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அவருக்குச் சோறு போடுகிறவர். அண்ணாச்சி எவ்வளவு நேரம் தாங்குவார்?

“சரி, சரி. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம். போதுமா?”

“லைட்டும் போடணும்” என்றார் மதினி.

வழியனுப்பு

வேன் ஏறும்போது ஷர்மிளா சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

“நாங்க தூங்கணும்னுதானக்கா எண்ணெய் தேய்ச்சீங்க?”

நான் வானத்தைப் பார்த்தேன். சாரல் நின்றிருந்தது.

“ராத்திரி தூங்காம பஸ்ல வந்த அலுப்புக்கா. வேன்ல தூங்குனோம் பாருங்க, அது மட்டும் இல்லைன்னா இன்னைக்கு உங்ககிட்ட தோத்திருப்போம். ரொம்ப தேங்க்ஸ்.”

போய்விட்டாள். மதினியிடம் நான் இதை இன்றுவரை சொல்லவில்லை. இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் மைதானத்தில் இறங்கினோம். பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு, ஒருவன்கூடக் கொக்கரிக்காமல், ஓரமாகப் போனார்கள். ஆடி முடித்தபோது எங்கள் முட்டி செங்கல் நிறத்தில் இல்லை, எங்கள் ஊர் மண் நிறத்தில் இருந்தது.

திரும்பி வருகிற வழியில் பம்புசெட்டுச் சத்தம் கேட்டது. தொட்டி ஓரத்தில் பேச்சியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிண்ணியில் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தாள். பீடித்தட்டைக் காணோம்.

“ஏட்டி இசக்கி, இங்கன வா. தலையக் காட்டு.”

இசக்கி போய்க் குனிந்தாள். பேச்சியம்மாள் தேய்க்கத் தேய்க்க இசக்கியின் தோள் குலுங்கியது. என்னட்டீ என்று கேட்டேன். கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது என்றாள். எங்களுக்குத் தெரியாதா, சீயக்காய்க்கு அழுகிற அழுகை எப்படி இருக்கும் என்று?

மற்றவர்கள் வரிசையில் நின்றோம். அவளுக்கு அடுத்த ஆள் நான்.